அண்ணைக்கு இங்கே எட்டுச் செலவு செய்தோம்

வட்டக்கச்சி
20.05.2020

அன்பின் மச்சான்,

லண்டனில் உன் அண்ணை இறந்த பிறகு நீ அனுப்பிய குரல் பதிவுகள் எல்லாவற்றையும் கேட்டேன். பதில் பேசுவம் என்று போனைக் கையில் எடுத்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், ஆறுதலாக இருந்து வாசி.

அக்காவைப் பற்றித்தான் திருப்பித் திருப்பிக் கேட்டிருந்தாய். அக்கா சாப்பிடுகிறார். முதல் மூன்று நான்கு நாள் தேத்தண்ணியோடு கிடந்தார், பிறகு என் மனுசி போய்ப் பக்கத்தில் இருந்து பேசிப் பேசித்தான் ஊட்டாக் குறையாகச் சாப்பிட வைத்தாள். பிரஷர் குளிசை கிளினிக்கில் இருந்து தபாலில் வீட்டுக்கே வருகிறது, அதில் ஒரு குறையும் இல்லை. இரவில் தனியாகப் படுக்கிறார் என்று நீ யோசிக்காதே, என் மகள் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு அங்கேதான் போய்ப் படுக்கிறாள். பள்ளிக்கூடம் இல்லைத்தானே.

எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவு நடந்த விதத்தை உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று தெரிகிறது. அன்று கொரோனாவால் நாடு முழுக்க ஊரடங்கு, ரோட்டில் ஒரு சைக்கிள் கூட இல்லை. அதற்கு முதல் நாள் வேலி ஓரத்தில் பெரிய வாக்குவாதம். அண்ணையின் உடல் இன்னும் லண்டனில் பிரேதசாலையில் இருக்கிறது, எரிக்க நாள் கிடைக்கவில்லை, அதற்குள் இங்கே எப்படி எட்டுச் செய்வது, உடல் போகாமல் படைத்தால் ஆத்மா குழம்பும் என்று பெரியையா சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, முறை அப்படித்தான். மூலை வீட்டு ஆச்சி அந்தப் பக்கத்து வளவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், முகத்தில் கட்டியிருந்த சீலைத் துண்டைக் கீழே இழுத்துவிட்டு, 'கடைசிச் சண்டைக்குள்ள மாத்தளனிலையும் வலைஞர்மடத்திலையும் ஆருக்கு நாள் பார்த்தனாங்கள்? செத்த கிழமையே தெரியாத சனத்துக்கு எல்லாம் பிறகு வந்து செய்யேல்லையோ?' என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரியையாவே அடுத்த நாள் விடிய வந்து குத்துவிளக்கு மினுக்கித் தந்தார்.

கூட்டம் கூடக்கூடாது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) ஐயா சொல்லியிருந்தார். அதனால் அக்காவும் நாங்களும் பெரியையாவும் மட்டும்தான் வளவுக்குள். மற்ற வீடுகளில் அவரவர் ஒவ்வொரு கறி சமைத்து, மூடி, படலைத் தூணில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்து வந்து அக்காவிடம் கொடுத்தேன். குளத்து விரால் குழம்பு வந்தது, அண்ணைக்கு விரால் என்றால் உயிர் என்று யாருக்கு ஞாபகம் இருந்தது என்று கேட்டால், அந்தச் சட்டியைக் கொண்டு வந்தது அண்ணையைக் கண்ணாலும் காணாத ஒரு பெடியன். 2010இல் மீள்குடியேறி வந்த குடும்பம், முந்தி இந்த ஊரே இல்லை. அவனுடைய தாய் அக்காவிடம் கேட்டு அறிந்து சமைத்திருக்கிறார். மரவள்ளிக்கிழங்கு, பால்ரொட்டி, முருங்கைக்காய், ஒரு சுருட்டு, எல்லாம் வைத்துப் படைத்தோம். அக்கா அப்போதுதான் வாய்விட்டு அழுதார். ஒழுங்கை முழுக்கப் படலைகளில் நின்ற பெண்கள் அவரவர் இடத்தில் நின்றே ஒப்பாரி சொல்லத் தொடங்கினார்கள். கட்டிப்பிடித்து அழமுடியாத செத்தவீட்டில் அழுகையை வேலிக்கு வேலி கொடுத்து வாங்கினோம் மச்சான்.

அண்ணையைப் பற்றி ஊரில் இந்தக் கிழமைகளில் பேசிய அளவு கடந்த இருபது வருசத்தில் பேசியிருக்க மாட்டோம். ஊரடங்கு போட்டதும் பெற்றோல் அடிக்கப் போகமுடியாமல் பெடியள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றபோது, பெரியையாதான் அண்ணையின் கதையை எடுத்தார். வன்னிக்குப் பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் சந்தைக்குப் பக்கத்துக் கொட்டிலில் அண்ணை மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கதை. உனக்குத் தெரியும், நீ அங்கேதான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்பாய். ஒரு சின்னக் குப்பியில் பெற்றோல், அது பொன் மாதிரி, அதில் சில துளி மட்டும் கார்பரேற்றருக்குள் விட்டு உதைத்து ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி விடுவார். வெள்ளைப் புகை சந்தை முழுக்க நிற்கும், சட்டை மூன்று நாளைக்கு மணக்கும். அடிக்கடி பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுக்காட்டில் நின்றுவிடும். மாங்குளம் பக்கம் மலேரியாவில் பிதற்றிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை அப்படி ஒரு மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கட்டி மல்லாவி ஆஸ்பத்திரிக்கு அண்ணை கொண்டு போனதைப் பெரியையா சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த பெடியளுக்கு வாய் மூடவில்லை. அந்தப் பிள்ளை இப்போது முரசுமோட்டையில் குடும்பமாக இருக்கிறாள், எட்டன்று போன் எடுத்து அக்காவோடு அழுதாள்.

சரி, ஊர்ப் புதினத்துக்கு வருகிறேன். மார்ச் 20ஆம் திகதி பின்னேரம் ஊரடங்கு தொடங்கியபோது ஒருவரும் பெரிதாகப் பதறவில்லை. பெரும்போக அறுவடை முடிந்து வீட்டில் நெல் கிடந்தது, அது இந்த மண்ணுக்குக் கிடைத்த பாக்கியம். நெல் உள்ளவனுக்குப் பயமில்லை, கூலிக்குப் போகிறவன் பாடுதான் அந்தரம். மேசன் வேலைக்குப் போகிற பெடியள், கடையில் நிற்கிற பிள்ளைகள், புருசனைச் சண்டையில் பறிகொடுத்துவிட்டுத் தனியாகப் பிள்ளை வளர்க்கிற பெண்கள், இவர்களுக்கு ஒரு கிழமை வேலை இல்லை என்றால் அடுப்பு இல்லை. அரசாங்கம் 5000 ரூபாய் கொடுத்தது, அது சிலருக்குக் கிடைத்தது, சிலருடைய பெயர் பட்டியலில் இல்லை.

அப்போது சனசமூக நிலையப் பெடியள் செய்த வேலையை நீ பார்த்திருக்க வேண்டும். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றுக்கு ஊரடங்குப் பாஸ் எடுத்து, வீடு வீடாகப் போய் இயன்றதைப் போடுங்கோ என்று நெல்லைச் சேர்த்து, மில்லில் குத்தி, பையில் கட்டிக் கொடுத்தார்கள். தம்புள்ளைச் சந்தைக்குப் போகிற லொறி வராமல் பூசணியும் பயிற்றங்காயும் பப்பாளியும் தோட்டத்தில் தேங்கி நின்றது, அதையும் ஏற்றினார்கள். நீங்கள் அனுப்பிய காசில் பருப்பு, பால்மா, சீனி. ஒன்று சொல்ல வேண்டும், ஒரு படம் கூட எடுக்கவில்லை. இங்கே வருகிற சில பேர் ஒரு பொதி அரிசியைக் கொடுத்துவிட்டு அதை வாங்குகிற பெண்ணின் முகத்தை உலகம் முழுக்கக் காட்டுகிறார்கள், எனக்கு அதைப் பார்க்க வயிறு எரியும். எங்கள் பெடியள் இருட்டின பிறகு படலையில் வைத்துவிட்டு, 'அக்கா, எடுங்கோ' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். காசுக் கணக்குத் தனியாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள், பார்.

நுண்கடன்காரர் வராதது இன்னொரு நிம்மதி. கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நின்று, கட்டும் வரைக்கும் போகமாட்டோம் என்று அடம்பிடிக்கிறவர்கள் ஊரடங்கோடு காணாமல் போனார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெண், பெயர் வேண்டாம், இவ்வளவு நாளும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்வளவுக்குள் ஓடி நிற்பவள், இப்போது முன் விறாந்தையில் இருந்து பாய் இழைக்கிறாள். நோய் போனதும் அவர்கள் திரும்பி வருவார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

சண்டைக் கதைகளை இந்த ஊரில் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நீ 1999இல் போனவன், உனக்கு நாங்கள் எதையும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டது உன்னிடம் மட்டும் இல்லை, எங்களுக்குள்ளேயும் பேசவில்லை. சண்டை முடிந்து மெனிக் பாம் அகதி முகாமில் கம்பி வேலிக்குள் இருந்தபோது அடுத்த நேரச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம், திரும்பி வந்த பிறகு கூரைத் தகரத்தையும் வீட்டுத் திட்டத்தையும் பற்றிப் பேசினோம். அப்புறம் வீடுகள் எழும்பின, கிடுகு வேலி போய் மதில் வந்தது, கடன் வந்தது, பிள்ளைகளுக்கு ரியூசன் வந்தது, நின்று பேச யாருக்கு நேரம்? இப்போது பின்னேரம் நாலு மணிக்கு எல்லோரும் படலைக்கு வந்து தள்ளித் தள்ளி நிற்கிறார்கள். வாகனச் சத்தம் இல்லாத ரோடு. அந்த அமைதியே பழைய நாட்களைக் கிளப்பிவிடுகிறது போல.

மூலை வீட்டு ஆச்சி, ஊரடங்கு முதல் தரம் தளர்த்திய அன்று கடைக்குப் போய் என்ன வாங்கினார் தெரியுமா? உப்பு. ஒரு உமல் நிறைய உப்பு, கூட ஒரு கட்டு நெருப்புப்பெட்டி. மற்றச் சனம் பால்மாவுக்கும் மாவுக்கும் அடிபட்டபோது இவர் உப்பைத் தூக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து என் மகள் சிரித்துவிட்டாள். ஆச்சி கோபப்படவில்லை. அவளைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு, முள்ளிவாய்க்காலில் கடைசிக் கிழமையில் கையில் கொஞ்சம் அரிசி கிடந்ததையும் உப்பு இல்லாததையும் சொன்னார். பேரப்பிள்ளை உப்பில்லாத கஞ்சியை வாயில் வைத்துத் துப்பித் துப்பி அழுததாம், ஷெல் அடி ஓயும் நேரம் பார்த்துப் பங்கர் பங்கராகக் குனிந்து போய் ஒரு சிட்டிகை உப்புக் கேட்டாராம், மூன்றாவது பங்கரில் இருந்த யாரோ ஒரு பெண் முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து, தன் பிள்ளைக்குப் பாதியை வைத்துக்கொண்டு பாதியைக் கொடுத்தாளாம். 'அவள் ஆர், எந்த ஊர், தப்பினாளோ இல்லையோ ஒண்டும் தெரியாது' என்றார். அந்த உப்பு உமலை ஆச்சி இப்போது வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டிலும் ஒரு போத்தல் இருக்கிறது.

இன்னொன்று. 5000 ரூபாய் கொடுக்க வரிசையில் நிற்கச் சொன்ன அன்று எங்கள் பக்கத்துப் பெண் ஒருவர் வரவில்லை. பெயர் இருக்கிறது, காசும் வந்திருக்கிறது, அவருக்குத் தேவையும் இருக்கிறது, ஆனால் வரமாட்டேன் என்று வீட்டுக்குள் இருந்துவிட்டார். வாங்கக் கூச்சப்படுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவருடைய மகன்தான் பிறகு சொன்னான். 2009 ஏப்ரலில் பொக்கணையில் பால்மாவுக்கு நின்ற வரிசையில் ஷெல் விழுந்ததே, அந்த வரிசையில் இவர் கைக்குழந்தையோடு நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு எந்த வரிசையிலும் அவர் நின்றதில்லை, கோயில் அன்னதானத்தில் கூட. பத்து வருசமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம், எங்களுக்குத் தெரியாது. கிராம அலுவலரிடம் விசயத்தைச் சொன்னோம், அந்தப் பிள்ளை ஒரு கேள்வியும் கேட்காமல் பதிவுப் புத்தகத்தோடு வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்கிக் காசைக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த மனம் எல்லா அலுவலர்களுக்கும் இருந்தால் எவ்வளவு நல்லது.

நோயை விட நோய்க்கு எடுக்கிற ஏற்பாடுகள்தான் சனத்தை உலுக்குகிறது என்று எனக்குப் படுகிறது. பட்டியல், பதிவு, சோதனைச் சாவடி, பாஸ், இரவில் ஏ9 வீதியால் தனிமைப்படுத்தலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற பஸ்கள். முந்தி வன்னியை விட்டு வெளியே போகவும் பாஸ், வவுனியாவில் தங்கவும் பாஸ். அந்தச் சொல்லைக் கேட்டாலே பெரியையா சேர்ட் பையைத் தடவுகிறார், அடையாள அட்டை இருக்கிறதா என்று. ஆனாலும் சனம் சொன்ன சட்டத்தை நன்றாக மதிக்கிறது. ஒவ்வொரு படலையிலும் வாளியும் சவர்க்காரமும் இருக்கிறது. பனங்காயில் உடுப்புத் தோய்த்த சனத்துக்கு ஒரு முழுக்கட்டிச் சவர்க்காரத்தின் அருமை தெரியும்.

இனி உன் விசயம். அண்ணையின் கையைப் பிடிக்க முடியவில்லை, முகம் பார்க்க முடியவில்லை, கண்ணாடிக்கு வெளியே கூட நிற்கவிடவில்லை, தம்பி என்று இருந்து என்ன பயன் என்று அழுதாயே, அந்தப் பதிவைத்தான் நான் பல தரம் கேட்டேன். உனக்கு ஒன்று சொல்கிறேன், இதை என் மனுசியைத் தவிர யாரிடமும் விரித்துச் சொன்னதில்லை. என் அம்மா மாத்தளனில் செத்தது உனக்குத் தெரியும், எப்படி அடக்கம் செய்தேன் என்று தெரியாது. பங்கருக்குப் பக்கத்தில் மணலைக் கையாலும் சட்டியாலும் தோண்டினேன், மணல் சரிந்து சரிந்து விழுந்தது, ஆழமாகத் தோண்ட நேரம் இல்லை. அம்மாவின் நல்ல சீலை ஒன்று பையில் இருந்தது, அதால் சுற்றினேன். ஒரு தேவாரம் பாட நினைத்து முதல் வரியோடு நின்றுவிட்டேன், மேலே வண்டு என்று நாங்கள் சொல்கிற வேவு விமானம் சுத்திக்கொண்டிருந்தது, வண்டு சுத்தினால் அடுத்தது ஷெல் என்று எங்களுக்குத் தெரியும். அன்று என்ன திகதி என்று பிறகுதான் ஆட்களைக் கேட்டுக் கணக்குப் பார்த்தேன். மெனிக் பாமால் வந்து, 2010இல் இந்த வளவில் தறப்பாள் கொட்டில் போட்ட பிறகுதான் அம்மாவுக்கு முறையாக எல்லாம் செய்தேன். உடல் இல்லை, சாம்பல் இல்லை, படம் கூட இல்லை. ஆனால் அன்று சுற்றிவர இருந்த சனம் எல்லாம் வந்து இருந்தது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு அம்மாவோ பிள்ளையோ அங்கே கிடந்தது. அவர்கள் வந்து இருந்ததில்தான் நான் தேறினேன்.

அதனால்தான் சொல்கிறேன், நீ அங்கே தனியாக ஒரு அறைக்குள் இருந்து உன்னையே தின்றுகொண்டிருக்காதே. அண்ணையை நீ கைவிடவில்லை. நீ நிற்க முடியாத இடத்தில் ஊர் நின்றது, இனியும் நிற்கும். அண்ணை இந்த ஊருக்குச் செய்ததைச் சனம் மறக்கவில்லை என்று உன் கண்ணால் பார்க்க முடியாமல் போனதுதான் எனக்குக் கவலை.

இந்த நேரத்தில் எங்கள் நாட்டில் நடக்கிற இன்னொரு அநியாயத்தையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கொரோனாவில் சாகிற முஸ்லிம் சனத்தின் உடலையும் எரிக்கத்தான் வேண்டும் என்று ஏப்ரலில் வர்த்தமானி போட்டிருக்கிறார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கும்போது இது என்ன பிடிவாதம்? 1990இல் எங்களோடு படித்த பெடியள் பெட்டி படுக்கையைக் கூட எடுக்க விடாமல் வடக்கை விட்டு அனுப்பப்பட்டதை நீயும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். செத்தவரைத் தன் முறைப்படி அனுப்ப முடியாத வேதனை என்ன என்று நன்றாக அறிந்த சனம் நாங்கள். இதற்கு முதலில் குரல் கொடுக்க வேண்டியதும் நாங்கள்தான். படலைப் பேச்சில் இதை எடுத்தபோது ஒருவர் இரண்டு பேர் முகத்தைத் திருப்பினார்கள். ஆனால் பொக்கணை வரிசையில் நின்ற அந்தப் பெண், வழக்கமாக வாயே திறக்காதவர், 'அவையின்ர பிள்ளையும் பிள்ளைதானே' என்றார்.

நேற்று முன்தினம் மே 18, சண்டையில் செத்த சனத்தை நினைக்கிற நாள். இந்த முறை முள்ளிவாய்க்காலுக்குப் போகவில்லை, வழியில் மறிப்பு, கூட்டமும் கூடக்கூடாது. ஒவ்வொரு வருசமும் பஸ் பிடித்துப் போவோம், மணலில் நின்று அழுவோம், திரும்பி வருவோம். இந்த முறை ஒவ்வொரு வீட்டிலும் கஞ்சி காய்ச்சினார்கள், பின்னேரம் படலைகளில் விளக்கு வைத்தார்கள். என் மகள் என்னோடு நின்று அப்பம்மாவின் பெயரைக் கேட்டாள், பெயரைத் தெரியும், முழுப்பெயரைக் கேட்டாள். அப்புறம் ஆச்சி, பெரியையா, பக்கத்து வீடு என்று ஒவ்வொருவரிடமும் போய்த் தள்ளி நின்று அவரவர் இழந்தவர்களின் பெயரை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அண்ணையின் பெயரையும் எழுதச் சொல்லி அக்கா கேட்டார், எழுதியிருக்கிறாள்.

சிறுபோகம் பற்றிக் கேட்டிருந்தாய். இரணைமடுக் குளத்தில் தண்ணி இருக்கிறது, எனக்குக் கிடைத்த பங்கில் விதைத்துவிட்டேன், உன் காணியைப் பெரியையாவின் மகன் செய்கிறான், குத்தகையை அக்காவிடம் கொடுப்பான்.

கருமக் கிரியையான அந்தியேட்டியை இந்த மாதக் கடைசியில் செய்ய நினைக்கிறோம், வளவிலேயே, எங்களோடு மட்டும். இங்கே காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் உனக்கு விடிய நாலரை, எழும்பிக் குளித்துவிட்டு வீடியோவில் வா, பிள்ளைகளையும் எழுப்பு. சாம்பலைப் பத்திரமாக வை, பாதை திறந்து நீ வந்த பிறகு அதைக் கடலில் கரைக்கக் கீரிமலைக்குப் போவோம். அதற்கு முதல் எனக்கு இரண்டு விசயம் அனுப்பு. கொட்டிலுக்கு முன்னால் அண்ணை எண்ணெய்க் கையோடு நிற்கிற படம் உன்னிடம்தான் இருக்கிறது, பெடியள் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைக்கக் கேட்கிறார்கள். மற்றது, திதி பார்க்க ஐயருக்கு அண்ணை போன நேரம் வேண்டும், ஆஸ்பத்திரித் துண்டில் உள்ள லண்டன் நேரத்தையே எழுது, இங்கே மாற்றிக் கணித்துக்கொள்வார்.

மனுசி, பிள்ளைகள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்